முடக்குவாதம்: வலியை வீட்டிலும் நண்பர்களிடமும் எவ்வளவு சொல்வது?

நொய்யல் (இழையைத் தொடங்கியவர்):

ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (முடக்குவாதம், சில ஊர்களில் சரவாங்கி) பற்றி இந்தப் பகுதியில் மருந்து, சாப்பாடு, ரத்தப் பரிசோதனை எல்லாம் பேசியாகிவிட்டது. ஒவ்வொரு இழையிலும் நடுவில் யாராவது ஒருவர் கேட்டு, பதில் வராமலே போகும் கேள்வி ஒன்று உண்டு. வலியை வீட்டில் எவ்வளவு சொல்வது?

மாமியாரிடம் சொன்னால் "எனக்கும்தான் முட்டி வலிக்குது" என்பார். அம்மாவிடம் சொன்னால் அவருக்கு ராத்தூக்கம் போய்விடும். மூன்று தடவை வர முடியாது என்று சொன்ன தோழியை நாலாவது தடவை யாரும் கூப்பிடுவதில்லை. சொல்லாமல் இருந்தாலோ, "நல்லாத்தானே இருக்கா, வேலை செய்யத்தான் மனசில்லை" என்ற பேச்சு.

ஆறுதல் வார்த்தை வேண்டாம், வழிமுறை வேண்டும். யாரிடம், எந்த அளவு, எந்த வார்த்தையில் சொல்வது, எங்கே சறுக்கும்? இந்தத் துறையில் வேலை செய்பவர்களும் நோயாளிகளோடு கூடவே இருப்பவர்களும் எழுதுங்கள்.

---

வேம்படி (பிசியோதெரபி):

எவ்வளவு என்று யோசிக்கும் முன்னால் எதை என்று பிரியுங்கள். மூன்று சங்கதி ஒன்றாகக் கலந்து கிடக்கிறது: நோய் என்ன, இன்றைக்கு உடம்பு என்ன செய்யும், மனசு எப்படி இருக்கிறது. முதலாவதை வீட்டில் எல்லாரிடமும் ஒரே ஒரு தடவை நன்றாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, வேலையைப் பங்கு போட்டுக்கொள்பவர்களுக்கு அன்றன்றைக்குத் தெரிந்தால் போதும். மூன்றாவது ஒருவர் அல்லது இருவருக்கு. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. நோய் என்னவென்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் தினமும் "ஐயோ அம்மா" மட்டும் எல்லார் காதிலும் விழுகிறது.

நோயைச் சொல்லும்போது மாமியாரின் முட்டி வலியிலிருந்தே தொடங்கலாம். அவருக்கு இருப்பது பெரும்பாலும் தேய்மானம். நடந்தால் வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். காலையில் விரைப்பு இருந்தாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. ஓய்வெடுத்து எழுந்ததும்தான் விரைப்பு அதிகம், அசைய அசையத் தளரும். ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். காலை ஆறு மணிக்கு டம்ளர் பிடிக்க முடியாதவர் பதினோரு மணிக்குக் காய் வாங்கக் கிளம்புவது இதனால்தான். பார்ப்பவர்கள் கண்ணுக்கு அது நடிப்பாகத் தெரியும். அதனால் வலி எவ்வளவு என்பதைவிட முதலில் சொல்ல வேண்டியது எந்த நேரத்தில் என்பதை.

இப்படிச் சொல்லலாம்: "அத்தை, எனக்கு வந்திருக்கறது தேய்மானம் இல்லை, எதிர்ப்பு சக்தியில வந்த கோளாறு. எந்திரிச்சதும் ஒரு மணி நேரம் விரல் மடங்காது. வெந்நீர்ல கை வெச்சு, கொஞ்சம் அசைச்சப்புறம் சரியாகும். எட்டு மணிக்கு மேல சமையல் நான் பாத்துக்கறேன். அதுக்கு முன்னால காபியும் குக்கரும் மட்டும் நீங்க பாத்துக்கணும்." வலி என்ற சொல்லே இதில் வரவில்லை, கவனியுங்கள். நேரம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, கேட்கும் உதவி இரண்டே இரண்டு.

"பத்துக்கு ஏழு வலி" என்பது மருத்துவரிடம் பேசும் மொழி. வீட்டில் அது எடுபடாது. வேலையின் பெயரால் சொல்லுங்கள்: இன்றைக்குக் குக்கர் மூடி திறக்க முடியாது, புளி கரைக்க முடியாது, துணி பிழிய முடியாது, தேங்காய் துருவ முடியாது, குடம் தூக்க முடியாது. கேட்பவருக்கு உடனே தான் செய்ய வேண்டியது தெரிந்துவிடும். கூடவே முடிந்ததையும் சொல்ல வேண்டும்: "காய் நறுக்கறேன், உக்காந்துக்கிட்டே." முடியாததை மட்டும் அடுக்கினால் இரண்டே வாரத்தில் கேட்பவர் காது அடைத்துப்போகும்.

தினமும் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஃபிரிட்ஜ் கதவில் மூன்று நிறக் காந்தம். பச்சை என்றால் வழக்கம் போல. மஞ்சள் என்றால் பிடிப்பது, பிழிவது, தூக்குவது இல்லை. சிவப்பு என்றால் சமையலே இல்லை. எந்த நிறத்துக்கு யார் எந்த வேலை என்று முன்கூட்டியே பேசி ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். தாள் இல்லாமல் காந்தம் மட்டும் வைத்தால் அது வெறும் புகார்ப் பலகை. இன்னொரு சறுக்கல்: சிவப்பு வைத்துவிட்டு, விருந்தாளி வந்ததும் மனசு கேட்காமல் எழுந்து முறுக்கு பிழிவது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சிவப்புக்கு மதிப்பில்லை.

---

கல்லணை (மருந்துக்கடை, மருந்தாளுநர்):

வேம்படி சொன்ன பிரிவில் முதலாவதற்குள்ளேயே விருப்பப்பட்டால் சொல்லலாம், வேண்டாமென்றால் விடலாம் என்று வைத்துக்கொள்ள முடியாத பகுதி ஒன்று உண்டு. மருந்து. வலியை மறைப்பது உங்கள் உரிமை. மருந்தை மறைத்தால் ஆபத்து.

மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை. இதைத் தினசரி மாத்திரை என்று நினைத்துத் தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜை ரத்த அணு உற்பத்தியைக் குறைத்துவிடும், உயிருக்கே ஆபத்து. வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர், அது கணவரோ மகளோ, இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சீட்டில் "வாரம் ஒன்று" என்று மட்டும் இருந்தால் போதாது. "ஞாயிறு" என்று கிழமையே எழுதி வாங்குங்கள். ஃபோலிக் ஆசிட் எந்தெந்தக் கிழமை என்பதும் அதன் கீழேயே இருக்கட்டும். பல கம்பெனிகளில் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைதான், மாறிப்போக வாய்ப்பு அதிகம். ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாத ரத்தக்கட்டு, புதிதாக வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு. இந்த நாலும் கூட இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோயாளி "சளிதான்" என்று சமாளித்தாலும் கூட இருப்பவர் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

தெருமுனை கிளினிக் டாக்டர், பல் டாக்டர், கண் டாக்டர், மருந்துக்கடைக்காரர், இந்த நாலு பேரிடமும் கூச்சம் பார்க்காமல் முழுப் பட்டியலும் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு எழுதும் கோட்ரைமாக்ஸசோல் மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும். சொல்லாவிட்டால் எழுதுபவருக்கு எப்படித் தெரியும்? ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நீண்ட காலம் எடுப்பவருக்கு விழித்திரைப் பரிசோதனை தேவை என்பதால் கண் டாக்டர். ஸ்டீராய்டு மூன்று வாரத்துக்கு மேல் எடுப்பவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. விபத்தோ அவசர அறுவையோ என்றால் அது மருத்துவக் குழுவுக்கு முதலில் தெரிய வேண்டும். அப்போது நோயாளியால் பேச முடியாமல் போகலாம், கூட வந்தவர்தான் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் உயிரியல் (பயாலஜிக்) ஊசி அல்லது டோஃபாசிட்டினிப் மாத்திரை எடுப்பவர் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் டிபி பரிசோதனை செய்துகொள்ளச் சொல்ல வேண்டும். "ஏன் என்னைப் போகச் சொல்ற?" என்று கேட்பார்கள். காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும். இதற்காகவாவது கூட்டுக்குடும்பத்தில் எல்லாருக்கும் நோய் தெரிந்திருப்பது நல்லது.

---

நெல்லிமரம்:

@கல்லணை, மாமனார் பி.பி. மாத்திரையும் மருமகள் மாத்திரையும் ஒரே டப்பாவில் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. அவர்களுக்கு என்ன வழி?

---

கல்லணை:

மெத்தோட்ரெக்ஸேட் அட்டையை ஒரு கவரில் போட்டு, வெளியே பெரிய எழுத்தில் பெயரும் கிழமையும் எழுதி, பூட்டும் அலமாரியில். டப்பாவுக்குள் வரவே கூடாது. கர்ப்பமாக இருப்பவரோ குழந்தைக்கு முயல்பவரோ வீட்டில் இருந்தால் இன்னும் கவனம், கருவைப் பாதிக்கும் மருந்து அது.

---

பொருநை (மனநல ஆலோசகர்):

மூன்றாவது வகைக்கு வருகிறேன். மனசில் இருப்பதைச் சொல்வது.

வலியில் இருப்பவரிடம் துணைவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்ட விஷயம். ஒரு கண்டுபிடிப்பு பலருக்கு வியப்பாக இருக்கும். ஒவ்வொரு முனகலுக்கும் ஓடிவந்து, கையிலிருப்பதைப் பிடுங்கி, "நீ படு, நான் பாத்துக்கறேன்" என்று எல்லாவற்றையும் தானே செய்யும் துணைவர் இருக்கும் இடத்தில், நோயாளி சொல்லும் வலியும் முடக்கமும் பெரும்பாலும் கூடுதலாகவே பதிவாகின்றன. எது காரணம், எது விளைவு என்று முழுக்கப் பிரிக்க முடியாது. வலி அதிகம் என்பதால்கூட அவர் ஓடிவரலாம். ஆனாலும் நடைமுறைக்கு ஒன்று தெளிவு: சொல்லும்போதே என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "சும்மா கேளுங்க, ஒண்ணும் செய்ய வேண்டாம்" அல்லது "இதுக்கு ஒரு கை வேணும்." இந்த முன்னுரை இல்லாவிட்டால், ஆண்கள் அநேகமாக உடனே தீர்வு சொல்ல ஆரம்பிப்பார்கள். அம்மாக்கள் அழ ஆரம்பிப்பார்கள். இரண்டுமே சொன்னவரை வாயடைக்க வைத்துவிடும்.

நான் பரிந்துரைப்பது வாரத்தில் ஒரு நாள், இருபது நிமிடம், ஒரே ஆளிடம். அந்த நேரத்தில் எதையும் மென்று விழுங்காமல் பேசலாம்: பயம், கோபம், பணம், படுக்கையறை, எதிர்காலம். மற்ற நாட்களில் வேம்படி சொன்ன காந்தம் போதும். கேட்பவருக்கும் இது நிம்மதி. ஏழு நாளும் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

யாரிடமும் சொல்லப் பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி: எழுதுவது. 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வந்த ஒரு சோதனையில், ஆஸ்துமா அல்லது முடக்குவாதம் இருப்பவர்களைத் தொடர்ந்து மூன்று நாள், தினம் இருபது நிமிடம், வாழ்க்கையில் மிகவும் வதைத்த விஷயத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நாலு மாதம் கழித்துப் பார்த்தபோது, சாதாரண விஷயத்தை எழுதியவர்களைவிட இவர்களுக்கு நோய் நிலை மேம்பட்டிருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் இவ்வளவு தெளிவாக இல்லை. மருந்துக்கு மாற்றும் இல்லை. ஆனால் செலவு ஒரு நோட்டு, ஒரு பேனா. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாம். எழுதி முடித்தபின், இதில் எந்த வரி யாருக்குத் தெரிய வேண்டும் என்று பார்ப்பதும் நல்ல பழக்கம்.

ஒன்றை மட்டும் சொல்லலாமா வேண்டாமா என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம். அது வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும். வீட்டில் யாரும் இல்லையென்றால் டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416, இருபத்துநாலு மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். முடக்குவாதத்தோடு மனச்சோர்வும் சேர்ந்து வருவது சாதாரணம், அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு.

---

திண்ணை (நோயாளிகள் குழுத் தன்னார்வலர்):

பொருநை சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன், பாதிக்கு இல்லை.

வாரம் இருபது நிமிடம் தனியாகப் பேச எந்தக் கூட்டுக்குடும்பத்து மருமகளுக்கு இடம் இருக்கிறது? இரண்டு அறை வீட்டில் ஏழு பேர். அதனால் இடத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பைக்கில் போகும்போது பேச முடியாது, காற்றில் பாதி போய்விடும். மொட்டை மாடியில் துணி எடுக்கும் நேரம், ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருக்கும் நேரம், கோயில் பிராகாரம், இவை நடக்கும். ஊரில் இருக்கும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதும் நடக்கும். அனுப்பியதைத் தானாக மறையும்படி வைத்துக்கொள்ளுங்கள், போன் வீட்டில் எல்லார் கையிலும் புழங்கும்.

"வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்" என்பதில் எனக்கு இன்னொரு கவலை. நம் வீடுகளில் பெண் வலியைப் பொறுத்துக்கொண்டால்தான் நல்ல பெண். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. ஏற்கெனவே வாயைத் திறக்காதவர்களிடம் "கட்டுப்படுத்திச் சொல்" என்றால் அவர்கள் ஒன்றுமே சொல்ல மாட்டார்கள். வீக்கத்தோடு ஆறு மாதம் ஒரு வருஷம் என்று தள்ளிப்போட்டுவிட்டு வரும்போது எலும்பு அரித்துப்போயிருக்கும், அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. புது நோயாளிகள் அதிகமாகச் சொல்லிவிடுவோமோ என்று பயப்படவே வேண்டாம். முதல் வருஷம் தாராளமாகச் சொல்லட்டும். ஒழுங்கு பிறகு வரும்.

அடுத்தது, சொன்ன மறுநாளே ஆரம்பிக்கும் அறிவுரைகள். கொல்லிமலை முடவாட்டுக்கால் சூப், முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், யாரோ ஒருவர் பெயரில்லாத டப்பாவில் தரும் பொடி. முதல் மூன்றையும் சாப்பாடாகச் சாப்பிடுவதில் பெரும்பாலும் சண்டைக்கு வேலையில்லை. ஒரு தோசை சாப்பிட்டுவிட்டு "நல்லா இருந்தது சித்தி" என்று சொல்லிவிட்டால் உறவும் நிற்கும். நாலாவது அப்படி இல்லை. லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டும் வலிமாத்திரையும் அரைத்துக் கலந்திருப்பது பரிசோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதுதான் முதல் சந்தேகம்.

மறுக்கும்போது விவாதம் வேண்டாம், விஞ்ஞானமும் வேண்டாம். "இப்போ போடற மருந்தோட சேருமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க பெரியம்மா." இந்த ஒரே வாக்கியத்தை வார்த்தை மாறாமல் எல்லாரிடமும் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொன்னால், "அவ சொன்னதைச் சாப்பிட்டே, நான் சொன்னதை மாட்டேங்கற" என்று வரும். அக்கறைப்படுபவர் கையில் வேறு வேலை கொடுங்கள்: ரத்தப் பரிசோதனைக்குக் கூட வருவது, பிள்ளைகளை ஸ்கூலில் இருந்து கூட்டி வருவது. அக்கறைக்குப் போக ஒரு வழி கிடைத்தால் டப்பா வருவது குறையும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரிப்போர்ட் போடவே போடாதீர்கள். சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்பதை வைத்து அங்கே யாரும் உதவப் போவதில்லை. அது எந்த ஊர்க் குழுவுக்கெல்லாம் போகும் என்பது உங்கள் கையில் இருக்காது.

---

பொருநை:

@திண்ணை, முதல் வருஷம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். நான் எழுதியது நோயோடு சில வருஷம் வாழ்ந்து, வீட்டார் சோர்ந்துபோன நிலைக்கு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: தாராளமாகச் சொல்வதும் ஒரே பயத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதும் ஒன்றில்லை. "கை கோணிப்போயிடுமோ" என்று பத்தாவது தடவை அதே ஆளிடம் கேட்கிறோம் என்றால், அது அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. அடுத்த தடவை மருத்துவரிடம் கேட்க எழுதி வைக்க வேண்டிய கேள்வி.

---

வேம்படி:

கல்யாண வீடு, காதுகுத்து, வளைகாப்பு பற்றி யாரும் எழுதவில்லை. நிறையப் பேர் நோயைச் சொல்ல வேண்டி வரும் இடமே அதுதான்.

அங்கே நோய் விளக்கம் வேண்டாம். நாலு தேவையை முன்னாலேயே ஒரே ஒரு ஆளிடம், மண்டபத்தில் சொல்லுக்கு மதிப்பிருக்கும் ஒரு அத்தையிடமோ சித்தப்பாவிடமோ, சொல்லி வைத்தால் போதும். தரையில் சம்மணம் போட முடியாது, நாற்காலி வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள அறை வேண்டும். பரிமாறும் வாளி தூக்க முடியாது, வெற்றிலை பாக்குத் தட்டு பார்த்துக்கொள்கிறேன். காலை முகூர்த்தத்துக்கு நேராக மண்டபம் வந்துவிடுகிறேன், நாலு மணிக்கு எழுப்ப வேண்டாம்.

கையைப் பிடித்து அழுத்தி நலம் விசாரிப்பார்கள், வீங்கிய விரல் கணுவுக்கு அது சித்திரவதை. இரண்டு கையும் கூப்பி வணக்கம் சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

இது ஆண்களுக்கும் சேர்த்து: சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துக் கழுத்தைச் சொடுக்குவார்கள். பல வருஷம் முடக்குவாதம் இருந்தவருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புக்கு நடுவில் பிடிப்பு தளர்ந்திருக்கலாம், வெளியே வலியே தெரியாமலும் இருக்கலாம். அந்தச் சொடுக்கு தண்டுவடத்தை நசுக்கிவிடலாம். உட்காரும்போதே "கழுத்துல கை வைக்க வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் இது கட்டாயம் சொல்ல வேண்டியது.

---

எறும்பு (குடும்ப நீதிமன்ற வழக்கறிஞர்):

கல்யாணப் பேச்சில் சொல்வதா என்று தனி இழையில் கேட்டிருந்தார்கள், இங்கேயே எழுதுகிறேன். 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம் 12(1)(சி) பிரிவின்படி, எதிர்த்தரப்பைப் பற்றிய முக்கியமான உண்மையை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் பெற்றிருந்தால் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். தெரிந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். தெரிந்த பிறகும் மனமொத்துச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த வழி அடைபடும். முடக்குவாதம் "முக்கியமான உண்மை"யா என்பதை அந்தந்த வழக்கில் நீதிமன்றம்தான் முடிவு செய்யும். ஆனால் மறைத்துவிட்டு, கல்யாணமான மறுமாதம் மாத்திரை அட்டை கண்ணில் பட்டு, அதன்மேல் இரண்டு குடும்பமும் கோர்ட் படி ஏறுவதைத் தவிர்க்க முடியும். நிச்சயத்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். சொன்னதற்கு வாட்ஸ்அப் செய்தியாகவாவது ஒரு தடம் இருக்கட்டும்.

---

திண்ணை:

சட்டம் சரி. ஆனால் பயோடேட்டாவிலோ தரகரிடமோ போடச் சொல்லாதீர்கள். ஒரு தரகருக்குத் தெரிந்தால் பத்து ஊருக்குத் தெரியும், தங்கச்சிக்கும் வரன் தட்டும். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது என்ற இடத்தில், நிச்சயத்துக்கு முன்னால், பையனும் பெண்ணும் நேரில் பேசட்டும். பெற்றோர் வழியாகப் போனால் "லேசா மூட்டு வலி" என்று சுருங்கியும் போகும், "கை கால் விளங்காது" என்று பெருகியும் போகும்.

---

எறும்பு:

"லேசா மூட்டு வலி" என்று சொல்வதும் மறைத்தது மாதிரிதான். நோயின் பெயர் வாயில் வர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

கல்லணை:

நோயின் பெயரோடு குழந்தை விஷயமும் வர வேண்டும், ஏனென்றால் அது மருந்தோடு பின்னியிருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும் பெண் கருவுற முயல்வதற்கு முன்னால் அதை நிறுத்த வேண்டும், பொதுவாக மூன்று மாதம் என்று சொல்வார்கள். லெஃப்ளூனமைடு என்றால் உடம்பிலிருந்து அதை வெளியேற்றவே தனி மருந்து தேவை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசைன் தொடரலாம். ஆக, குழந்தை பெறலாம். ஆனால் தேதி மருத்துவரோடு பேசி வைக்க வேண்டும். "கல்யாணமாகி மூணு மாசம் ஆச்சு, விசேஷம் உண்டா?" என்று கேட்கும் வீட்டுக்குள் போகும் பெண்ணுக்கு, கணவர் இதை முன்பே அறிந்திருப்பது எவ்வளவு பெரிய பலம்!

பலருக்குக் கர்ப்ப காலத்தில் நோய் தணியும், பிரசவமான முதல் சில மாதங்களில் திரும்ப ஏறும். குழந்தையைத் தூக்க வேண்டிய நேரத்தில் மணிக்கட்டு வீங்கும். தாய்வீட்டில் இதை ஏழாம் மாதத்திலேயே சொல்லி, ராத்திரிக்கு ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

---

நொய்யல்:

மிக்க நன்றி எல்லாருக்கும். பிள்ளைகளிடம் எப்படி? தோழிகளிடம்? அலுவலகம் பற்றியும் இரண்டு வரி.

---

பொருநை:

சின்னப் பிள்ளைகளுக்கு நாலு தெரிந்தால் போதும்: அம்மாவுக்குக் கை வலிக்கும் நோய். நீ சேட்டை பண்ணினதால வரலை. உனக்கு ஒட்டிக்காது. அம்மா படுத்திருந்தா பாட்டி உன்னைப் பார்த்துக்குவாங்க. இரண்டாவதைச் சொல்லாமல் விடவே கூடாது. குழந்தைகள் கேட்காமலே தங்கள்மேல் பழியைப் போட்டுக்கொள்வார்கள். ஒரு புது விளையாட்டும் காட்டிவிடுங்கள், தூக்கி வைத்துக்கொள்ள முடியாத நாளில் படுத்துக்கொண்டே ஆடக்கூடியது.

பதின்ம வயதுப் பிள்ளை "எனக்கும் வருமா?" என்று கேட்கும். பெற்றோருக்கு இருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடும், ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. இதுதான் உண்மை, இதையே சொல்லலாம். மூத்த மகளை இரண்டாவது அம்மா ஆக்கிவிடாதீர்கள். வேலை கொடுக்கலாம், இருபது நிமிடப் பேச்சுக்கு அவள் ஆள் இல்லை.

---

வேம்படி:

தோழிகள் குழுவில் ஒரே ஒரு தடவை போட ஒரு செய்தி: "எனக்கு முடக்குவாதம் இருக்கு. மருந்து எடுக்கறேன். சில நாள் நல்லா இருப்பேன், சில நாள் எந்திரிக்கவே முடியாது, முந்தின நாள் ராத்திரி வரைக்கும் எனக்கே தெரியாது. அதனால வர்றேன்னு சொன்னாலும் அன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு உறுதி சொல்றேன். வரலைன்னா உங்க மேல கோவம்னு நினைக்க வேண்டாம். கூப்பிடறதை மட்டும் நிறுத்திடாதீங்க." அதன்பின் ஒவ்வொரு தடவையும் விளக்கம் எழுதத் தேவையில்லை, "இன்னிக்கு முடியலை" போதும். எட்டு மணிக்குச் சொல்வதாகச் சொன்னால் எட்டு மணிக்குச் சொல்லிவிட வேண்டும், அதில்தான் நம்பிக்கை நிற்கிறது. மலையேற்றத்துக்கு வர முடியாதவர், வீட்டுக்கு வாங்க என்று தானே ஒரு தடவை அழைக்கலாம்.

---

எறும்பு:

அலுவலகத்தில் உங்கள் நேரடி மேலாளரிடம் தேவையை மட்டும் சொல்லுங்கள்: பத்தரைக்கு வருகை, தட்டச்சுக்கு இடைவெளி. நோயின் பெயரை மனிதவளத் துறைக்கு மருத்துவச் சான்றோடு கொடுங்கள். பக்கத்து மேசைக்குச் சொல்வது உங்கள் விருப்பம். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் முடக்குவாதம் பெயரோடு இல்லை. ஆனால் மூட்டு பாதிப்பால் இயக்கக் குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவக் குழு சான்று தந்தால் அந்தச் சலுகைகள் கிடைக்கும்.

மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தில் எதையும் மறைக்கக் கூடாது. 2024 விதிப்படி, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். மறைத்திருந்தால் அது தெரியவரும் அன்று கிளெய்ம் போய்விடலாம்.

---

நெல்லிமரம்:

அவசரத்துக்கு ஒரு சீட்டு மாதிரி யாராவது எழுதிக் கொடுங்களேன், பிரிண்ட் எடுத்துக்கொள்கிறோம்.

---

கல்லணை:

ஆதார் அட்டை அளவு, இரண்டு பக்கம்.

முன்பக்கம்: பெயர், ரத்த வகை, "முடக்குவாதம், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கிறேன்." மெத்தோட்ரெக்ஸேட் எத்தனை மில்லிகிராம், வாரம் ஒரு முறை, எந்தக் கிழமை. ஸ்டீராய்டு இருந்தால் பெயரும் அளவும், கீழே "திடீரென நிறுத்தக் கூடாது."

பின்பக்கம்: "கழுத்தைத் திருப்பும் முன் எச்சரிக்கை. கோட்ரைமாக்ஸசோல் கூடாது." ஒவ்வாமை இருந்தால் அது. வாதநோய் மருத்துவர் போன் எண், வீட்டில் மருந்து விவரம் தெரிந்த ஒருவர் எண்.

மருந்துப் பெயர்களை ஆங்கிலத்திலும் எழுதுங்கள், வெளியூர் டாக்டருக்கு உதவும். பர்ஸில் ஒன்று, போன் உறைக்குள் ஒன்று, வீட்டு மாத்திரை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒன்று. அளவு மாறினால் மூன்றையும் அன்றைக்கே மாற்ற வேண்டும். பழைய அளவோடு ஒரு சீட்டு எங்காவது தங்கிவிடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு, அதனால் மூலையில் தேதியும் போடுங்கள்.